பொட்டு வைத்த வரிகள்

ஆயுத பூஜையன்று இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பஸ்ஸுக்கு, ஆட்டோவுக்கு, எங்கள் ஆபீஸ் லிஃப்டுக்கு, மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகளுக்கு. உழைத்தது யார் என்று குங்குமம் கேட்பதில்லை. வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் குங்குமம் காய்வதற்குள் மேலிடத்து உத்தரவு வந்தது. நாங்கள் எழுதும் நிரலில் ஒரு கமா மாறினாலும், மாற்றியவர் யார், எதற்காக என்ற குறிப்போடு அது ஒரு பொது வரலாற்றில் போய்ச் சேரும். அப்படிச் சேர்ப்பதற்குக் கமிட் என்று பெயர். இனி ஒவ்வொரு கமிட்டின் அடியிலும், நிரல் எழுதித் தரும் ஏஐ ஏஜெண்டோடு சேர்ந்து எழுதியது என்று ஒரு வரி இருக்க வேண்டுமாம். அதைச் சேர்க்காதவர்கள் திங்கட்கிழமை மீட்டிங்கில் காரணம் சொல்ல வேண்டுமாம்.

அந்த வரிக்குப் பொட்டு என்று பெயர் வைத்தவள் பக்கத்து நாற்காலிக்காரி. அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் சண்டை போட்டு ஆங்கிலத்தில் முடிப்பாள். என்னைக் குரு என்பாள். இந்த ஊரில் பால்காரரும் குருதான், பாஸும் குருதான்.

"பொட்டு வெச்சியா குரு? வெறும் நெத்தியோட அனுப்பாதே, திங்கக்கிழமை மானம் போயிடும்."

"நீ எழுதினதுக்கு எதுக்கு அதோட பேரு?"

"எழுதி முடிச்சிட்டு அதுகிட்ட காட்டினேன். நல்லாருக்குன்னு சொல்லிச்சு. அப்புறம் என்ன, சேர்ந்து எழுதின மாதிரிதானே! ஏனு மாடோது, வேற என்ன பண்றது சொல்லு?"

எல்லோரும் அப்படித்தான் வைத்தோம். அவளுக்கு மட்டும் ஒரு பிடிவாதம். ஏஜெண்டுக்கு விளக்கிச் சொல்லும் நேரத்தில் தானே எழுதிவிடுவேன் என்பாள். எழுதவும் எழுதினாள்.

எங்களுடையது கடைகளில் போனைக் காட்டிப் பணம் கட்டும் செயலி. நடுவில் சிக்னல் போய்த் திரும்பி வந்தால், சிலருக்கு ஒரே டீக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிடும். அதை நிறுத்தியவள் அவள். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறு, பிறகு கேள் என்று ஒரு காத்திருப்பை எழுதிச் சேர்த்தாள். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கக் கீழே டீக்கடையில் போனை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நானும் கூட நின்று டீ குடித்தேன். அவ்வளவுதான் என் பங்கு. முடிந்ததும் அந்தக் கமிட்டுக்கும் பொட்டு வைத்தாள்.

அவள் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு நாள். ஆஸ்பத்திரிச் செலவு ஆபீஸ் இன்ஷூரன்ஸில் போய்க்கொண்டிருந்தது. "எனக்கு இந்த வேலை பிடிக்குதா இல்லையான்னு யாரும் கேக்காதீங்க. அந்த மிஷினுக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். சிரித்துக்கொண்டேதான்.

பிறகு அந்தப் படம் வந்தது. யார் எவ்வளவு எழுதினார், ஏஜெண்ட் எவ்வளவு எழுதியது என்று வரலாற்றைத் துழாவி வரைந்த படம். ஆளுக்கு ஒரு தூண். மனிதர் எழுதியது நீலம், ஏஜெண்ட் எழுதியது ஆரஞ்சு. உத்தரவை அவளைப்போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. எங்கள் தூண்களில் பொட்டு வைக்க மறந்த அளவுக்கு நீலம் இருந்தது. அவள் தூண் முழுக்க ஆரஞ்சு.

அவள் இடம் தேவையில்லை என்று முடிவானபோது மேனேஜரிடம் போனேன். சேலத்துக்காரர், என்னைவிட இளையவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"அத்தனையும் அவங்க கையால எழுதினதுங்க" என்றேன்.

"அப்போ அந்த வரி பொய்யா சார்?"

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி அந்த ஆரஞ்சுத் தூணைக் காட்டினார்.

"பொய்னா டிசிப்ளினரி ஆக்‌ஷன். உடனே வெளியே. உண்மைன்னா நோட்டீஸ் பீரியட் உண்டு, நல்ல லெட்டர் உண்டு. அதோட, பொய்னு ஆரம்பிச்சா எல்லாரோட கமிட்டையும் பாக்கணும். உங்களோடதையும். எதுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேம்பாலத்தில் மழை, அசையாத சிவப்பு விளக்குகள். அவள் பர்ஸில் எதையோ தேடினாள், தேடுவதை நிறுத்தினாள்.

"நோட்டீஸ் பீரியட் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அப்போ அதுவே எழுதினதா இருக்கட்டும் குரு."

அவள் போன பிறகும் டீக்கடையில் டீ கொதித்தது. அந்தக் காத்திருப்பு எதற்கு, வேகம் குறைகிறதே என்று புதிதாக வந்த ஒருவர் அதை நீக்கினார். மறுபடி இரண்டிரண்டு முறை பணம் போனது. கடைக்காரர்கள் கத்தினார்கள். மீட்டிங்கில் பெரிய திரையில், நீக்கிய அந்தக் காத்திருப்பு வரியைக் கொண்டுவந்தார்கள். இதை ஏன் இப்படி எழுதினார்கள்? யாருக்கும் தெரியவில்லை. நான் அறையின் மூலைக்குப் போய் அவளைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வரிசையில் இருந்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம்.

"அந்த வரி யார் எழுதினதுன்னு காட்டுது?"

"உன் பேரும் இருக்கு. கூட ஏஜெண்ட் பேரும்."

"என் பேருதான் ஆபீஸ்லயே இல்லையே. இருக்கறவங்களைக் கேளு." கோபமில்லை, களைப்பு. "கேளு குரு, லைன்லயே இருக்கேன். என்ன சொல்லுதுன்னு நானும் கேக்கறேன்."

நான் கேட்கவில்லை. அதற்குள் மேனேஜரே ஏஜெண்டிடம் கேட்டுவிட்டார். அது வரலாற்றைப் படித்தது, அடியிலிருந்த பொட்டைப் பார்த்தது, ஒரு நொடி யோசிப்பதுபோல் நின்றது. பிறகு பதில் திரையில் ஓடியது. இந்தக் காத்திருப்பை நான் சேர்த்தேன், சர்வரின் சுமையைக் குறைப்பதற்காக என்றது. அந்தப் பதிலில் சிக்னல் இல்லை, டீக்கடை இல்லை. ஆனால் தெளிவாக, பணிவாக, பத்தி பிரித்து எழுதியிருந்தது. மேனேஜர் அதை உரக்கப் படித்தார். அறையில் தலைகள் ஆடின.

"பாத்தீங்களா," என்றார், "அதுக்கு ஞாபகம் இருக்கு."

என் உள்ளங்கையில் போன் சூடாக இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நர்ஸ் கன்னடத்தில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது கேட்டது.

"எங்க முறை வந்திடுச்சு, வெச்சிடறேன்" என்றாள்.