தேனீப் பூங்காவின் பொறுப்பாளர்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்துகிறேன். வளாகத்தில் தேனீக்களுக்கென்று ஒரு பூங்கா வேண்டும் என்று முதலில் பேசியவள் நான்தான். மறுநாளே என்னைப் பொறுப்பாளராக்கிவிட்டார்கள். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை.

பூங்காவை வளர்த்தது நானல்ல, தோட்ட வேலைக்கு வந்த ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். பாதி ஆயுள் மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்பில் ஊறிய தோல்களைத் தூக்கிப் போட்டவர். விரல் ரேகையெல்லாம் அழிந்துபோய், வருகைப்பதிவு இயந்திரம் அவர் கட்டைவிரலை ஏற்காது. தும்பையும் துத்தியும் களையல்ல, தேனீக்களுக்குச் சாப்பாடு என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் செடிகள் மேல் யாரையும் கை வைக்க விடமாட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியபோது எனக்கு முன்பே பார்த்துவிட்டு ஓடி வந்தவரும் அவர்தான்.

அந்த வருடம் எங்களை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தேன்கூட்ட எடுத்துடுங்க மேடம். கமிட்டிய கொட்டிச்சுன்னா பேஜாராய்டும்."

"இன்னும் கொஞ்ச நாள்ல தானா போய்டும் சார். பூ முடிஞ்சா கிளம்பிடும்."

"கமிட்டி செவ்வாய்க்கிழமை வருது. நீங்கதானே இன்சார்ஜ்? நீங்களே நின்னு முடிச்சிடுங்க."

வேறு வழி தேடியிருக்கலாம். அந்தப் பக்கம் கயிறு கட்டி ஆட்களைத் தடுத்தாலே போதும் என்று எனக்குத் தெரியும். என் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை கையெழுத்தாகாமல் அவர் மேசையில் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு மாலை இரண்டு பேர் மருந்தோடு வந்தார்கள். அடித்த சில நிமிடங்களில் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் சிமெண்ட் தரையில் விழுந்தன. அந்த அம்மா எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"இன்னா மேடம் இது? ஒண்ணையும் கொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மருந்தடித்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவர் மேலேயே காட்டினேன்.

"உன் வேலை எதுவோ அதப் பாரு. காலைல இதெல்லாம் கூட்டி அள்ளிடணும்."

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

திங்கட்கிழமை இரண்டு கூடை அள்ளினார். சாகாமல் ஊர்ந்துகொண்டிருந்தவை கொட்டி, இடது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. "நாளைக்குக் கைய முந்தானைல மறைச்சுக்கோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமை குழுவில் ஒரு வடநாட்டுப் பேராசிரியர் பூங்காவில் வெகுநேரம் நின்றார். நான் வைத்திருந்த சுவரொட்டியில் அதே கூட்டின் படம். அது இப்போது எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சீசன் முடிந்து போய்விட்டது என்றேன். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவைக் காட்டி, இவரையும் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேராசிரியரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"மருந்தடிச்சி கொன்னுட்டாங்க சார். நான்தான் வாரிக் கொட்டினேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தேனீக்கள் போனதிலிருந்து தோட்டமே வெறிச்சென்று இருக்கிறதாம்."

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். அந்த அம்மா பக்கம் திரும்பி, கைகூப்பி, இந்தியில் பேசினார். தேனீக்கள் போனதற்கு இவ்வளவு வருந்துகிறீர்களே, உங்களைப் போன்றவர்களால்தான் அவை பிழைத்திருக்கின்றன என்றார்.

அந்த அம்மாவின் வீட்டுமொழி உருது, இந்தி அவருக்கு நன்றாகப் புரியும் என்பது எனக்கு அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. அவர் இந்தியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அகப்பட்டுவிடுவேன். முந்தானைக்குள் இருந்த கையை அவர் வெளியே எடுக்கவில்லை. ஆமாம் ஐயா என்பதாக "ஹாங் சாப்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை பதிவாளர் கேட்டார்: "அந்தம்மா கமிட்டிகிட்ட இன்னா பேசினாங்க?"

என்னைக் காப்பாற்றியவரைப் பற்றி நான் சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. தோட்டத்துல வேணாம், வேற எங்கயாவது போடலாம்."

அவரை ஆண்கள் விடுதியில் கழிவறை கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் வந்தார். வழியில் பார்த்தால் முன்பு போலவே வணக்கம் வைப்பார். அதன்பின் வரவில்லை. மறுபடி தோல் வேலைக்கே போய்விட்டதாகக் காவலாளி சொன்னார்.

குழுவின் அறிக்கையில் எங்கள் பூங்காவுக்குத் தனிப் பாராட்டு இருந்தது. அடுத்த வாரம் என் ஆணையில் கையெழுத்தானது. துறையில் எல்லோருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.