வெளியே வராத கீல் தகடு

அக்கா இரண்டு கையாலும் சதுர அரத்தைப் பிடித்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்து, மற்றவர்கள் போய்விட்டார்கள். இவளுக்குச் சோறு இறங்காது. தேர்வாளர் வருவதற்குள் இந்தப் பள்ளம் முடிந்தாக வேண்டும்.

உற்பத்திப் பொறியியல் வகுப்பில் எல்லாரும் இளவட்டம். இவளுக்கு முப்பத்தெட்டு. அதனால் ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் அக்கா. கதவுக் கீல் செய்யும் பட்டறையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் படிக்கக் கிளம்பியபோது முதலாளி சொன்னார்: "பாஸ் பண்ணிட்டு வா, மிஷின் பிரிவை உன்கிட்ட விடறேன். ஆனா இந்த வருஷத்துக்கு மேல லீவு கேக்காதே." இறுதிச் செயல்திட்டம் தேறாவிட்டால் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு.

அவள் செய்திருந்தது ஒரு ஜிக். அந்த இரும்புப் பெட்டிக்குள் கீல் தகட்டைத் தள்ளினால், துளை விழவேண்டிய இடத்தை மூடியில் உள்ள ஓட்டையே காட்டிவிடும். அளந்து கோடு கிழிக்கும் வேலை மிச்சம். அளவு இம்மி பிசகவில்லை. ஆனால் அவள் இத்தனை நாளும் ஏற்கெனவே துளை போட்ட பழைய தகடுகளையே போட்டுப் பார்த்திருந்தாள். அவை வழுக்கிக்கொண்டு போய்வந்தன. அன்று காலைதான் புதுத் தகட்டை வைத்து டிரில்லை இறக்கினாள். துளை அழகாக விழுந்தது. தகடுதான் வெளியே வரவில்லை. துளையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கூரான இரும்புப் பிசிறு, பெட்டித் தரையில் இருந்த ஓட்டைக்குள் கொக்கி போட்டுக்கொண்டது.

"உங்க பெட்டி மாமியார் வீடு மாதிரிக்கா! உள்ள போனா வெளிய விடாது!" என்றான் வகுப்புப் பையன் ஒருவன்.

"சிரிச்சது போதும்டா. அந்தச் சுத்தியலை எடு."

ஆசிரியர் தாடையைச் சொறிந்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமேக்கா."

"தள்ளிப்போட என்கிட்ட வருஷம் இல்ல சார்."

தகட்டைத் தட்டி எடுத்தாள். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினாள். பிசிறு தட்டாமல் ஓட, ஓட்டையிலிருந்து பெட்டியின் வாய் வரை பள்ளம் வேண்டும். வெட்டும் இயந்திரத்தில் வேறு வகுப்புக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அரத்தை எடுத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். கடைசித் திருகை முறுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

தேர்வாளரம்மா கறாரான ஆள். "தள்ளிக்கோங்க, நானே போடறேன்."

துளை விழுந்தது. இழுத்தார். தகடு வழுக்கி அவர் கையில் விழுந்தது. அவர் அதோடு விடவில்லை. மழுங்கின டிரில் ஒன்றைத் தேடி மாட்டினார். அதில் துளைத்தால் பிசிறு முள்வேலியாக எழும்பும். சாப்பிட்டுத் திரும்பியிருந்த பையன்கள் எட்டிப் பார்க்க, இன்னொரு தகட்டில் துளை போட்டார். இழுத்தார். அதுவும் வந்தது.

"இந்தப் பள்ளம் எதுக்கு?"

"பிசிறு போறதுக்கு மேடம். காலையில மாட்டிக்கிட்டு மானத்தை வாங்கிடுச்சு."

"மானம் திரும்பி வந்தாச்சு. முதல் மார்க் உங்களுக்குத்தான். போய்ச் சாப்பிடுங்க."

விசில் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மாமியார் வீடு என்று சொன்னவன்தான் அதிகம் குதித்தான். அக்கா காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"தேறிட்டேன். இன்னைக்குச் சமையல் நீங்க."

மறுநாள் காலை கீல் பட்டறைக்குப் போனாள். பொட்டலம் கட்டும் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே துளை போடும் இயந்திரத்திடம் போய், ஜிக்கை அதன் மேசையில் வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.