ஏரிக்கரையில் நான் ஏற்றிவிட்ட குதிரை

என் மகளுக்குப் பார்த்த பையனின் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் சத்தமே இல்லாத ஒரு சின்ன ஊர். கல்யாணப் பேச்சை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, பையனின் அப்பா எங்களை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார். மணலிலிருந்து எட்டிப் பார்க்கும் செங்கல் சுவர், உப்பங்கழி ஓரத்தில் காலை இடறும் பானை ஓடுகள், சுவரெல்லாம் கல்வெட்டாக ஒரு சிவன் கோவில். ஒரு தென்னந்தோப்பைக் காட்டி, அந்தக் காலத்தில் கப்பல் வந்து நின்ற இடம் என்றார், கயிறு கட்டியதே தான்தான் என்பதுபோல.

எனக்குப் பொறுக்குமா? எங்கள் ஊரில் இதைவிடப் பழசு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்னவென்று கேட்டார். ஏரிக்கரையில் ஒரு நடுகல், சண்டையில் செத்த வீரனுக்கு வைத்தது, குதிரைமேல் உட்கார்ந்து வாளை ஓங்கிக்கினு இருக்கிறான் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது. வருகிற தை வெள்ளிக்குக் குடும்பத்தோடு வருகிறோம் என்றார். நாங்கள் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "நகை நட்டுப் பேச்செல்லாம் எங்களுக்கு இல்லீங்க. சொல்றது உண்மையா இருந்தா போதும்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தியாகதுருகம் மலை தெரிந்ததும், ஊர் நெருங்கிவிட்டதே என்று அந்தக் குதிரை நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் பார்த்ததில்லை. நடுகல் என்பது யாரோ படித்தவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போன பேர். எங்களுக்கு அது ஏரிக்கரை அம்மன். வருஷம் முழுக்கச் சேலை சுற்றியிருக்கும், மேலே மஞ்சள் பூசிய உச்சி மட்டும் தெரியும். தையில் ஒரு வெள்ளிக்கிழமை, இந்த வருஷம் அவர்கள் வருகிற அதே வெள்ளி, பொம்பளைகள் பழைய சேலையை அவிழ்த்து, அம்மனைக் குளிப்பாட்டி, புதுசு கட்டுவார்கள். அது முடியும்வரை ஆம்பளைகள் ஏரியைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். விவரம் தெரிந்த நாளாக ஒழுங்காகத் திரும்பி நின்றவன் நான். ஏரியில் எத்தனை கொக்கு என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

கல்லில் என்னதான் இருக்கிறது என்று மனைவியைக் கெஞ்சினேன். பொம்பளைங்க பார்த்ததை ஆம்பளைங்ககிட்ட சொல்லக்கூடாதாம். "குதிரைய ஏத்தினது நீங்கதானே, நீங்களே எறக்குங்க" என்றாள்.

மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஒரு குதிரையால் அவள் கல்யாணம் நின்றுபோனால் என்ன பதில் சொல்வேன்? அந்த வாரம் முழுக்க மனைவியின் பிரஷர் மாத்திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரஷர் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரை அம்மனிடமே போய், சேலைக்குள் எப்படியாவது ஒரு குதிரை இருக்கட்டும் தாயே, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். வீட்டில் வடை பாயசத்தோடு சமையல் தயார். ஆனால் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நேராக ஏரிக்கரைக்கு நடந்தோம். சேலை மாற்றும் நேரம். நானும் பையனின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து நின்றோம். முதுகுக்குப் பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். பையனின் அம்மாவுக்கு எங்கள் ஊர்க் கட்டுப்பாடு தெரியாது. உரக்கவே சொன்னார்:

"குதிரை எதுவும் காணோமேண்ணே. ஒரு ஆளு வில்லப் புடிச்சிக்கினு நிக்கறாரு. காலுகிட்ட ரெண்டு மாடு. அவ்ளோதான்."

என் மனைவி சிரிப்பை அடக்குவது எனக்குத் திரும்பாமலே தெரிந்தது.

இதற்குமேல் அடுத்த பொய்க்கு என்னிடம் சரக்கில்லை. "நான் பாத்ததே இல்லீங்க" என்றேன். "ஊர்ல எந்த ஆம்பளையும் பாத்ததில்ல. குதிரை நானா ஏத்தினது. பொண்ணப்பத்திச் சொன்னது அத்தனையும் உண்மை."

ஒரு கொக்கு பறந்துபோய் அக்கரையில் உட்கார்ந்தது. பின்னாலிருந்து, சேலை கட்டியாகிவிட்டது, திரும்பலாம் என்று குரல் வந்தது. அவர் என் தோளில் கை வைத்தார்.

"குதிரை மேஞ்சிட்டு வரட்டும், சம்பந்தி. வாங்க, வூட்டுக்குப் போய்க் கை நனைக்கலாம்."