சும்மா சாரின் சொந்த வேலை

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் சும்மா சார் தக்காளியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

"வடக்குப் பக்கம் போகணும் சார். கொஞ்சம் தக்காளி வாங்கணும்."

"நல்லதாப் போச்சு. அங்கதான் சிமெண்ட் குடோன்ல நம்ம தராசு தகராறு பண்ணுதாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்."

"பாக்கறேன்னு நான் சொல்லல சார். தக்காளி வாங்கப் போறேன். வழியில தராசு இருந்தா கண்ண மூடிக்கிட்டா போவேன்?"

குடோனில் தராசு கெட்டுப்போன விஷயம் முந்தின நாளே அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் இந்த நாடகத்தை நடத்தாமல் அவர் கார் சாவியை எடுக்க மாட்டார்.

எலக்ட்ரானிக் தராசு செய்து விற்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவர் பரிசோதகர். மாதம் முழுக்க மேஜையை விட்டு எழுந்திருக்காத வேலை. கம்பெனி வேன் வேறெங்காவது போயிருக்கும் ஒன்றிரண்டு நாள் மட்டும், எடைக்கற்கள் பெட்டியைத் தன் சொந்தக் காரில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் இடத்துக்குப் போக வேண்டி வரும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் மனிதரைப் பாடாய்ப் படுத்துகிறது.

காரணம், அவர் எதையும் படித்துவிடுகிற ஆள். பிஸ்கட் உறையின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம், லிப்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை என எதையும் விட மாட்டார். ஏஜெண்டே படித்திராத இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துத் தொலைத்தார். ஏழாம் பக்கத்தில் இருந்தது: இந்த வண்டிக்கான காப்பீடு சொந்தக் காரியங்களுக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதற்கும் மட்டுமே. வேலை நிமித்தமாக வேறெங்கே ஓட்டினாலும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது. அன்றைக்குப் போனது அவருடைய நிம்மதி.

அதற்குப் பிறகு ஊரின் ஒவ்வொரு திசையிலும் தனக்கென்று ஒரு சொந்த வேலையை நிறுவிக்கொண்டார். வடக்கே தக்காளி. கிழக்கே முடிவெட்டு. தெற்கே மச்சினன் வீடு. மேற்கே பல் டாக்டர். கிழக்கில் அடுத்தடுத்து மூன்று தராசு கெட்டுப்போன மாதம், ஒட்ட வெட்டிய அவர் தலையைப் பார்த்து ஆபீசில் எல்லோரும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். தக்காளி ரசீதையும் முடிவெட்டுக் கடை சீட்டையும் சாட்சிக்காகக் காரிலேயே பத்திரப்படுத்துகிறார். எங்கே கிளம்பினாலும், யார் கேட்டாலும், "சும்மா" என்பார். ஆபீசில் அவர் பெயரே சும்மா சார் ஆகிவிட்டது.

மூன்று பேர் உள்ள வீட்டில் ஆறு கிலோ தக்காளியோடு மல்லுக்கட்டுவது அவர் மனைவி.

"ஏங்க, எப்பவாவது ஆபீஸ் வேலைக்கும் ஓட்டுவேன்னு ஒரு போன் பண்ணிச் சொன்னா பாலிசில சேத்துக்குவாங்களாமே. அதுக்குன்னு சொத்தையா எழுதிக் கேக்கப் போறாங்க?"

"ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ்தான் கட்டணும்."

"அப்ப ஆபீஸ்ல கேளுங்க."

"கேட்டாச்சு. வண்டி உங்களோடதுதானேங்கறாங்க."

"அப்ப போகாதீங்க."

"போகலன்னா தராசு தப்பாக் காட்டுமே!"

அந்த அம்மாள் அத்தோடு விட்டுவிடுவாள். ஒரு போன் செய்தால் தீர்கிற விஷயத்துக்கு இரண்டு வருஷமாகத் தக்காளி வாங்குகிற புருஷனிடம் வேறென்ன பேசுவது? "என் தம்பி கேக்கறான், மாமா வர்றாரு, தண்ணி குடிக்கறாரு, வாட்ச்சப் பாக்கறாரு, போயிடறாரு, என் மேல ஏதாச்சும் கோவமான்னு" என்று மட்டும் ஒருமுறை சொல்லி வைத்தாள்.

சும்மா சாருக்கு உள்ளூரப் பயம்தான். என்றைக்காவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரன் வந்து முதலில் கேட்கப்போவது 'எங்க போயிட்டிருந்தீங்க?' என்ற கேள்வியைத்தான். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து அதற்குப் பதில் சொல்லிப் பழகுவார். நுரையோடு சொல்லும்போது ரொம்ப நம்பும்படியாகவே இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை இடித்துவிட்டார்.

ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தராசு எல்லாக் குழந்தைகளையும் கால் கிலோ குறைத்துக் காட்டுகிறதாம், தாய்மார்கள் அழுகிறார்களாம். அந்தத் தெருவில் அவருக்குத் தக்காளியும் கிடையாது, மச்சினனும் கிடையாது. அங்கே தனக்கு என்ன சொந்த வேலை என்று யோசித்துக்கொண்டே வாசலில் வண்டியைத் திருப்பினார். யோசனை முடிவதற்குள், கேட்டை ஒட்டி நின்ற ஒரு ஸ்கூட்டரைத் தூணோடு சேர்த்து நசுக்கியிருந்தார். காரின் முன்பக்கம் வாய் பிளந்து ஆவி விட்டது.

ஸ்கூட்டர் பிரசவ வார்டு நர்சுடையது. அவள் ஓடி வந்து பார்த்தாள். திட்டவில்லை. "சாயங்காலம் இதுலதான் சார் என் பொண்ணக் கூட்டிட்டு வரணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. இன்சூரன்ஸ் கைவிரித்தால் காரும் ஸ்கூட்டரும் அவர் தலையில்தான் விடியும். மகளைக் காலேஜில் சேர்க்க என்று பொத்திப் பொத்தி வைத்திருப்பது அத்தனையும் அதற்கே போய்விடும்.

மத்தியானம் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சூயிங்கம் மென்றபடி காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார்.

"எங்க போயிட்டிருந்தீங்க?"

"சும்மா."

"பிரசவ ஆஸ்பத்திரிக்கு யாராவது சும்மா வருவாங்களா?"

"குழந்தை பாக்க வந்தேன்."

"யார் குழந்தை?"

"தெரிஞ்சவங்க குழந்தை."

"என்ன குழந்தை?"

"இன்னும் பாக்கலியே!"

சர்வேயர் மெல்லுவதை நிறுத்தினார். சும்மா சாரின் நரைத்த மீசையையும் வழியும் வேர்வையையும் நிதானமாகப் பார்த்தார். "சார், நீங்க இங்க வந்தது வீட்ல தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சவரக் கண்ணாடி இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

காப்பாற்ற வந்தவள் நர்ஸ்தான்; இவர் உளறினால் தன் ஸ்கூட்டருக்கும் பணம் வராது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்க பெரியப்பா மகன் சார், எனக்கு அண்ணன். எங்க அக்கா குழந்தையப் பாக்க வந்தாரு" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். காலையில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தவள்.

"அப்படியா? சந்தோஷம். அதையே ரெண்டு வரி எழுதி, ஆஸ்பத்திரி சீல் வெச்சுக் குடுத்துடுங்கம்மா. நான் போய்ட்டே இருக்கேன்."

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உள்ளே போய்த் தாளும் முத்திரையும் கொண்டுவந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். சும்மா சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் செய்த முதல் காரியம், அவள் தலைக்கு மேல் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தது. ஆஸ்பத்திரி முத்திரையைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தும் ஊழியர் உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுவார். தூசி படிந்து கிடந்தது. அவரைத் தவிர இதுவரை யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஸ்கூட்டரையும் நசுக்கி, அவள் வேலையையும் நசுக்கப் போகிறோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்து ரொம்ப வருஷமிருக்கும். நர்ஸ் எழுதி முடித்து முத்திரையை மையில் ஒற்றினாள்.

"அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடும்மா" என்றார். "தராசு எந்த ரூம்ல இருக்கு?"

அவள் விழித்தாள். சர்வேயரும் விழித்தார். சும்மா சார் காரின் பின்கதவைத் திறந்து, கம்பெனி பெயர் பொறித்த எடைக்கற்கள் பெட்டியை வெளியே இழுத்தார். வேர்வை பட்டால் எடைக்கல்லின் கணக்கு மாறிவிடும். அதனால் பெட்டியின் மேலிருந்த வெள்ளைத் துணிக் கையுறைகளை எடுத்து, சர்வேயர் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு மாட்டத் தொடங்கினார்.