இடது இருக்கையை விட்டு எழுந்தவன்

செய்தி வந்தபோது நான் திருச்சியில் விமானத்தை நிறுத்தி இன்ஜினை அணைத்திருந்தேன். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பின்னால் முண்டியடித்துக்கொண்டு பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கைபேசியை உயிர்ப்பித்ததும் சலாகுதீனின் மனைவி நூர்ஜஹானின் குரல்பதிவு. "அண்ணே, சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல. மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்கண்ணே."

சீருடையை மாற்றக்கூடத் தோன்றாமல் முத்துப்பேட்டைக்குக் கார் பிடித்தேன். தஞ்சாவூரைத் தாண்டும்போது நம் விமானிகள் சங்கத்து நண்பர் ஒருவர் அழைத்தார். "வருத்தமான விஷயந்தான் கேப்டன். ஆனா ஒண்ணு, வீட்டுல நடந்துச்சு. இந்த வயசுல வேலையில இருந்து, காக்பிட்ல நடந்திருந்தா நம்ம மனு அவ்வளவுதான்." நான் "ஆமாம்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. யாருக்கும் தெரியாமல் இதை மறைத்துவிடலாம். ஆனால் நம் சங்க இதழுக்கு அவனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மனு என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் அறுபத்தைந்தில் இறங்கிவிட வேண்டும் என்பது இப்போதைய விதி. அதை அறுபத்தேழாக்கக் கேட்கும் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவன் நான். எனக்கு அறுபத்து நான்கு. சலாகுதீனுக்கும் அதே வயது. ஒரே பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றோம், ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். நான் சீர்காழிக்காரன், அவன் முத்துப்பேட்டைக்காரன். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவன் எனக்கு அவன்தான்.

முன்பு இந்த எல்லை அறுபதாக இருந்து அறுபத்தைந்தானபோது நாங்கள் நடுவயதுக்காரர்கள். பெரிய விமானத்தின் இடது இருக்கைக்காக, அதாவது கேப்டன் இருக்கைக்காகக் காத்திருந்த காலம். கிழவர்கள் இறங்காமல் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் கத்தாத இடமில்லை. பிறகு எனக்கே அறுபது வந்தது. அனுபவம் என்ன விலை, விமானி கிடைக்காத காலத்தில் திடமாக இருப்பவனை ஏன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன். சலாகுதீன் சிரித்தான். "ஒனக்கு வயசு ஏற ஏற, கெழவன்ங்கிற வயசும் தள்ளித் தள்ளிப் போவுதுடா ஞானம்."

அவனோடு பறந்தவர்களுக்கு அவனுடைய விசித்திரமான வழக்கம் ஒன்று நினைவிருக்கும். கிளம்புவதற்கு முன் துணை விமானியிடம், "நான் தப்பு பண்ணினா என்ன சொல்லுவீங்க? இப்பச் சொல்லிக் காட்டுங்க" என்பான். பிள்ளைகள் "சார்..." என்று இழுப்பார்கள். "சார் வேணாம். நீங்க சார் போட்டு, மன்னிச்சுக்குங்க போட்டு, விஷயத்துக்கு வர்றதுக்குள்ள தரை வந்துரும். 'சலாகுதீன், தப்பு'ன்னு சொல்லுங்க." நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு புரளுமா? வாய்விட்டுச் சொல்கிறவரை விடமாட்டான். நான் ஓய்வறையில் உட்கார்ந்து, "எங்க சபையில ஒரு தடவைதான் ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைப்பாங்க, இவன் தினமும் வச்சுக்குறான்" என்று கேலி செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும்தான்.

அறுபத்திரண்டு வயதில், மருத்துவச் சோதனையில் தேறியிருந்தும், அவன் வேலையை விட்டான். காரணம் கேட்க முத்துப்பேட்டைக்குப் போனேன். திருச்சியில் இறங்கும்போது கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தை அவன் தவறாகக் கேட்டிருக்கிறான். பக்கத்திலிருந்த துணை விமானி தேன்மொழி ஒரு வார்த்தை பேசாமல், கையை நீட்டிச் சரியான உயரத்தைத் திருகி வைத்துவிட்டாள். இறங்கியதும், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவனோடு வருகிற பிள்ளைகள் பலரும், அவன் மனம் நோகக்கூடாது என்று, சத்தமில்லாமல் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"காது கேக்கலன்னு நான் நிறுத்தல ஞானம். அதை எங்கிட்ட யாரும் சொல்லலல்ல, அதனாலதான் நிறுத்துனேன். அவ்வளவு தடவை பேர் சொல்ல வச்சும் சொல்லலடா."

"டாக்டரே பாஸ் போட்டுட்டாரேடா?"

"அவரு எப்பவோ ஒருக்கா பாக்குறாரு. இந்தப் புள்ளைங்க தெனம் பாக்குறாங்க. நம்ம ஊர்ல எவனும் எவன் மொகத்துக்கு நேராவும் 'ஒனக்கு முடியல'ன்னு சொல்ல மாட்டான். அதான் சட்டம்னு ஒண்ணு கோடு போட்டு எறக்கி விடணுங்கிறேன். பின்னாடி உக்காந்திருக்கவன் நம்ம முத்துப்பேட்டைக்காரனும் பேராவூரணிக்காரனுந்தானே?"

அவன் சொன்னதை ஒரு பலவீனமான மனிதனின் சமாதானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்.

போன மாதம் சங்கக் கூட்டம். மனுவுக்கு ஆதரவாக நான் மேடையில் முழங்கினேன். வயது கூடக் கூட துணை விமானிகளோடு ஒருங்கிணைப்பு கூடுகிறது என்பதற்கு என்னையே சாட்சியாக நிறுத்தினேன். "என்னோடு வருகிற பிள்ளைகளிடம் நான் எதையும் கேட்க வேண்டியதில்லை. நான் நினைப்பதற்குள் செய்துவிடுகிறார்கள்" என்றேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் சலாகுதீன் எழுந்தான். "ஏன் அப்படிச் செய்யறாங்கன்னு அவங்களக் கேட்டியா ஞானம்?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "காது கேக்காதவங்க இதுல பேச வேணாம்" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அவனும் சிரித்தபடி உட்கார்ந்தான். அவனை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அதன் பிறகு அவனும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. அவனே வரட்டும் என்று இருந்தேன்.

ஜனாஸாவைத் தூக்கிப் போன பிறகு, தொழுகை முடிந்து மண் போடும்வரை மையவாடியில் ஓரமாக நின்றேன். தோளில் கேப்டனின் நான்கு பட்டையோடு நான் நின்றதை, வந்தவர்கள் அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது நூர்ஜஹானின் பக்கத்திலிருந்து தேன்மொழி எழுந்து வந்தாள். அவள் என்னோடும் அடிக்கடி பறப்பவள். முற்றத்தில் நிறுத்திக் கேட்டேன். "என் விஷயத்துலயும் அப்படித்தானாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "சார், உங்க மேல எல்லாருக்கும் ரொம்ப மரியாதை சார்."

அதற்கு மேல் பதில் தேவையில்லை. ஆனாலும் வற்புறுத்தினேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எறங்கும்போது சில நேரம் ஃப்ளாப்ஸ் கேக்க மறந்துடுறீங்க சார். நாங்களே 'போட்டுடவா சார்'னு கேட்டுடுவோம். புதுசா வர்றவங்கள உங்களோட தனியா அனுப்பாம, எங்களுக்குள்ளேயே டூட்டிய மாத்திக்குவோம். சலாகுதீன் சார் ரெண்டு மூணு தடவை எங்களத் திட்டினாங்க, போய் அவன்கிட்டச் சொல்லுங்கன்னு. எங்களுக்கு வாய் வரல."

இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்பகுதியை நீட்டுவதுதான் ஃப்ளாப்ஸ். பறக்கக் கற்பவன் முதல் வாரத்தில் கற்பது. அதை நான் மறந்ததைத்தான், பிள்ளைகள் எனக்காகத் தாங்கிப் பிடித்ததைத்தான், என் திறமை என்று மேடையில் விற்றிருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் அவனுக்கு முன்பே தெரியும். அந்தச் சபையில் அதை உடைத்துச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே நொறுங்கியிருப்பேன். அவன் சொல்லவில்லை. கேள்வியாக மட்டும் கேட்டான். நான் அவன் காதைச் சொல்லிக் காட்டினேன்.

மறுநாள் மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். பிறகு எங்கள் தலைமை விமானியைப் பார்த்து, தேன்மொழியின் பெயரைச் சொல்லாமல், விஷயத்தைச் சொன்னேன். என்னை விட மிகவும் இளையவர். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க கேப்டன், இன்னும் கொஞ்ச மாசந்தானே. நல்ல பசங்களாப் பாத்து உங்களோட போடுறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சலாகுதீன் எதைக் கண்டு பயந்தான் என்பது அந்த அறையில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. இனி பறக்க மாட்டேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் கபருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, மனம் லேசாகும் என்கிறாள் என் மனைவி. எனக்கு லேசாக வேண்டாம். ரோஷப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வெட்கப்பட மட்டும் இந்த வயதுவரை தெரியாமல் இருந்தேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம் ஒன்றுதான். இது என்னோடு இருக்கட்டும்.