தமிழ் அழைப்பு வந்தால் கலைச்செல்விக்கு

திருவனந்தபுரம் நகரப் போலீசின் கண்ட்ரோல் ரூமில் எங்கும் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. யாராவது தமிழில் பேசினால், எந்த மேசையில் மணி அடித்திருந்தாலும், அழைப்பை மூன்றாம் மேசைக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாம் மேசையில் இருந்தவள் கலைச்செல்வி.

அவள் போனக்காட்டுக்காரி. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். தோட்டத்தில் வேலை நின்று, லயத்து வீட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக ஒழுகத் தொடங்கிய காலத்தில் அவள் வித்துராவில் மலையாளப் பள்ளியில் படித்தாள். வகுப்பில் சிலர் தமிழ்க்காரி என்பதைக் கேலியாக்கி "பாண்டி" என்று கூப்பிட்டார்கள். அதனால் வீட்டுப் படியைத் தாண்டினால் தமிழ் பேசமாட்டாள். போலீஸ் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சையில் இரண்டாம் தடவை தேறி, திருச்சூரில் பயிற்சி முடித்து நகரத்துக்கு வந்தாள். முதலில் ஏ.ஆர். கேம்ப் என்கிற ஆயுதப்படை முகாம், மந்திரிகள் போகும் வழியில் வெயிலில் கயிறு பிடித்து நின்றாள். அடுத்து வனிதா ஸ்டேஷன், அதாவது மகளிர் காவல் நிலையம். அதற்கடுத்து பிங்க் பட்ரோல். பஸ்ஸில் பெண்பிள்ளைகளை இடிக்கிறவர்களை இறக்கி விசாரிக்கிற வேலை. நான்காவதாக இந்தக் குளிர்சாதன அறை. பள்ளியில் ஒளித்துவைத்த தமிழுக்கு இங்கேதான் ஒரு நாற்காலி கிடைத்தது.

சாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் பரோட்டா அடிக்கிறவர்கள், கொத்தனார்கள் எல்லாரும் மலையாளத்தில் சொல்லத் தெரியாமல் திணறுவார்கள். "தமிழ்லயே சொல்லுங்க" என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்கும். அந்தச் சத்தம் கேட்பது அவளுக்குப் பிடிக்கும்.

இடவப்பாதி என்கிற ஜூன் மழை ஊற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பக்கத்து மேசை ஷிஜா கையைக் காட்டினாள். "சேச்சி, தமிழ். முனகலும் ஒண்ணு ரெண்டு வார்த்தையும்தான் கேக்குது."

கலைச்செல்வி எடுத்தாள். "சொல்லுங்க, போலீஸ் கண்ட்ரோல் ரூம்."

"யக்கா, செவுரு விழுந்துட்டு. நான் உள்ள கெடக்கேன்."

பெயர் பிச்சைக்கனி. ஊர் தென்காசிப் பக்கம். வயது இருபத்து நான்கு. வந்து இரண்டே நாள். ஒரு வீட்டின் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவை நேராக்க, காலையில் மேஸ்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். பத்து மணி வாக்கில் மேலே நின்ற கருங்கல் மதில் மண்ணோடு சரிந்தது. மயங்கிக் கிடந்து, விழித்து, ஒற்றைக் கையால் சட்டைப்பையிலிருந்து போனை உருவி எடுக்கவே இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே கல்.

"எந்த இடம் தம்பி? ஸ்தலப் பேரு என்ன?"

"தெரியலக்கா. போர்டு எல்லாம் மலையாளத்துல இருக்கு."

ஷிஜா அதற்குள் சைபர் செல்லுக்கு எண்ணைக் கொடுத்துவிட்டாள். டவர் கிடைத்தது, நேமத்துக்குப் பக்கம். ஆனால் அந்த டவரின் வட்டத்துக்குள் ஆயிரம் வீடுகள். ரோந்து வண்டிகள் இரண்டு கிளம்பின. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. பாப்பனங்கோட்டில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் டிராஃபிக் யூனிட் வேறு வழி திறக்கப் போனது. எல்லாரும் ஓடினார்கள். எங்கே ஓட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"போர்டுல எழுத்து வேண்டாம். படம் ஏதாவது கண்டியா?" என்றாள் கலைச்செல்வி.

கொஞ்சம் யோசித்தான். "ஒரு பெயிண்டுக் கடைக்கா. யானை தும்பிக்கையில பச்சை டப்பாவைத் தூக்கிட்டு நிக்கும். அங்கன திரும்பி மேட்டுல ஏறுச்சு வண்டி."

அப்போது போனுக்குள் ரயில் கூவிக்கொண்டு போனது. கலைச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். ரயில்வே போலீசைக் கேட்டார்கள். நாகர்கோவில் போகும் வண்டி அந்த நிமிஷம் எங்கே போயிருக்கும் என்று சொன்னார்கள். ஷிஜா அறை முழுக்க யானைப் பெயிண்டுக் கடையை விசாரித்தாள். ஒரு ஜீப் டிரைவர் வயர்லெஸ்ஸில் சொன்னார்: "சாரே, அது ரயில் கேட்டுக்கு அப்பறம். எனக்குத் தெரியும்."

அவர்கள் தேடிய நேரமெல்லாம் கலைச்செல்வி பேசிக்கொண்டே இருந்தாள். தூங்கவிடக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் என்ன பயிர், அம்மா பேர் என்ன, எத்தனை ஆடு என்று கேட்டாள். மாடம்மாள் என்றான். ஏழு ஆடு என்றான், அதில் ஒன்று சண்டைக்காரி என்றான். ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தான். இருபதாவது நிமிஷத்தில் குரல் உடைந்தது.

"எம்மா… எம்மா, நோவுதே. எம்மா, தூக்கி விடேன்."

ஜீப் எங்கே என்று கலைச்செல்வி ஷிஜாவிடம் சைகையால் கேட்டாள்.

"யக்கா, நான் செத்துருவேனா?"

"மாட்டே. நான் பறயுறேன்ல்லே, மாட்டே. வண்டி வந்தாச்சு." சொல்கிறேன் என்பதற்குப் பதில் மலையாளம் வந்து விழுந்தது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் அவன் பின்னால் ஆட்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. யாரோ போனை வாங்கி, "கிட்டி, கிட்டி! ஆளுக்கு ஜீவன் உண்டு!" என்று, ஆள் கிடைத்துவிட்டதைக் கத்திச் சொன்னார். அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். ஷிஜா எழுந்துவந்து கலைச்செல்வியைக் கட்டிக்கொண்டாள். யாரோ சாயா வாங்கிவந்தார்கள். அவள் பாதி குடித்திருப்பாள்.

நாலரை மணிக்கு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கல்லை எடுத்து வெளியே கொண்டுவந்து, ஆம்புலன்சில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது பிச்சைக்கனியின் இதயம் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்த கால்களில் ரத்தம் மறுபடி ஓடினால் சிலருக்கு அப்படி ஆகும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். கலைச்செல்வி மீதிச் சாயாவை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தாள். அந்த ஷிப்டில் இன்னும் பதினான்கு அழைப்புகள் எடுத்தாள்.

மறுநாள் பிணவறை வாசலில் மாடம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலேதான் கலைச்செல்வி போனாள், சீருடை இல்லாமல். தான் யார் என்று சொன்னதும் மாடம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள கடைசியாப் பேசுனது உங்கிட்டதானாமே தாயி. அந்தக் குரல் உங்க மெசினுல இருக்காமே. ஒரேயொரு தடவை போட்டுக் காட்டு."

முடியாது. மேஸ்திரி மேல் வழக்குப் பதிவாகியிருந்தது, ஒலிப்பதிவு சாட்சியம். பிற்பாடு கலைச்செல்வி மேலதிகாரியிடம் விண்ணப்பம்கூட எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். வழக்கு முடியட்டும் என்று பதில் வந்தது. அன்று பிணவறை வாசலில் அவளே தன் வாயால் சொன்னாள். ஆடுகளைச் சொன்னாள். சண்டைக்கார ஆட்டைச் சொன்னாள். அவன் சிரித்ததைச் சொன்னாள்.

"வலிக்குன்னு சொன்னானா?"

"இல்லக்கா. கால் மரத்துப்போயிருந்துச்சு. வலியே அறிஞ்சில்ல அவனுக்கு."

மாடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "நம்ம சண்டைக்காரி குட்டி போட்டுட்டா தாயி," என்பாள் மாடம்மாள். பிறகு, "அவன் சொன்னதைச் சொல்லு," என்பாள். கலைச்செல்வி முதலிலிருந்து சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் அந்த இருபதாவது நிமிஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுவாள். குதிக்கக் குதிக்க அது பழகிவிட்டது.

ஒன்றேகால் வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. தன் குரல்தான் என்று அடையாளம் சொல்ல கலைச்செல்வியைக் கூண்டில் ஏற்றினார்கள். மாடம்மாள் இரவு பஸ் பிடித்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே இருக்கச் சொல்லலாமா என்று கலைச்செல்வி வக்கீலிடம் கேட்டாள். "அம்மயல்லே, கேட்கட்டும்," பெற்றவளாயிற்றே என்றுவிட்டார் அவர்.

ஒலிப்பதிவை முழுக்கப் போட்டார்கள். ஆடுகள் வந்தபோது மாடம்மாள் முகம் மலர்ந்தது. மகன் எதிரில் நின்று பேசுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு அந்த இடம் வந்தது. எம்மா, நோவுதே. எம்மா, தூக்கி விடேன். மாடம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கோர்ட்டில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. "நான் பறயுறேன்ல்லே, மாட்டே" என்ற தன் குரலைக் கலைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

வஞ்சியூர் கோர்ட்டு வாசலில் அவள் ஓடிப்போய் வழி மறித்தாள். "மாடம்மாக்கா, உங்களுக்கு சங்கடமாவும்னு நினைச்சுத்தான்…"

"ஊர்ல அத்தனை பேருட்டயும் சொன்னேனே, எம்புள்ள நோகாமப் போனான்னு." மாடம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நீ நல்லதுதான் நெனச்சிருப்ப. ஆனா அவன் கூப்புட்டது என்னைய. ஒரு வருசமா அதை நீ வச்சுக்கிட்ட."

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் எது என்று வேறு ஒரு ஆளிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள். கலைச்செல்விக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. போகாமல் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றது. இவள் கூப்பிட்டால் அந்தப் பக்கம் எடுப்பதில்லை. மேஸ்திரிக்குத் தண்டனை கிடைத்தது; மேல்முறையீடு போட்டு ஜாமீனில் வந்து, வேறு இடத்தில் வேலை எடுத்து நடத்துகிறான். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, வேண்டுமானால் பிங்க் பட்ரோலுக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். தமிழுக்கு வேறு ஆள் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். அப்படியே இருந்துவிட்டாள்.

கடிதம் எழுதலாம் என்று தோன்றியபோதுதான், தனக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. படித்ததெல்லாம் மலையாளம். போனைப் பார்த்து எழுத்துகளைக் கூட்டிக்கூட்டி, ல எது ள எது என்று தடுமாறி, டியூட்டி இல்லாத நாட்களில் இரண்டு மாதம் எழுதினாள். ஆறு பக்கம் வந்தது. முப்பத்தெட்டு நிமிஷத்தில் பிச்சைக்கனி சொன்ன ஒரு வார்த்தையையும் இந்தமுறை விடவில்லை. இருபதாவது நிமிஷத்தை எழுதும்போது மட்டும் தாளை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது.

பதிவுத் தபாலில் அனுப்பினாள். பன்னிரண்டாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அந்த ஆறு பக்கத்தை மாடம்மாளுக்கு யார் படித்துக் காட்டினார்கள், படித்துக் காட்டினார்களா என்பதே கலைச்செல்விக்குத் தெரியாது. பதில் வரவில்லை.