இடிந்த ஆஸ்பத்திரியைப் பெருக்கியவள்

சரி, அவள் அந்த டிரைவரோடு இடிந்த ஆஸ்பத்திரிக்குள் தனியாகப் போனாள்தான். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்கள்தான். அதே பஸ்ஸில் டூர் போன எதிர்வீட்டுத் தையல்காரி கண்ணால் கண்டது அவ்வளவும் உண்மை. அதற்குமேல் அவள் ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான் பொய்.

டிரைவரோடு உள்ளே போனவள் என் இளைய மகனின் மனைவி. டூர் பஸ்ஸில் கைடு. பஸ் ஓட ஓட, ஜனங்களைப் பார்த்து நின்றபடியே மைக்கில் பேசுவாள். காலையில் கோயில், பள்ளிவாசல். மத்தியானத்துக்குமேல் சண்டை நடந்த இடங்கள். கடைசியாகக் காட்டுவது குண்டு விழுந்த ஆஸ்பத்திரி. அங்கேதான் என் மகன் வார்டு பாயாக இருந்தான். குண்டு விழுந்த அன்று படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தான். இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று உள்ளே போனவன் வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என் பெரியவன் சட்டம் போட்டுவிட்டான். அம்மா நெஞ்சுக்கு ஆகாதாம். என் நெஞ்சை ஒரு வார்த்தை கேட்டானா?

தையல்காரியின் பேச்சு தெருவெல்லாம் சுற்றிப் பெரியவன் காதுக்கு வந்தது.

"நீயே ஒரு தடவை அந்த பஸ்ல போய்ப் பாரும்மா. அவ வேலையை விடறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம்" என்றான்.

வேவு பார்க்கப் போன நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். கோயிலில் செருப்பைக் கழற்றினோம், மாட்டினோம். பள்ளிவாசலில் மறுபடி கழற்றினோம், மாட்டினோம். ஆஸ்பத்திரி வந்ததும், "எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு மெதுவா இறங்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். டிரைவரும் இறங்கினான். நான் சும்மா இருப்பேனா? பின்னாலேயே போனேன்.

உள்ளே கூரை இல்லை. அவள் ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தாள், அவன் இன்னொரு மூலையிலிருந்து. செங்கல் சில்லும் கண்ணாடித் துண்டுமாய் நடுவில் குவிந்தது. எனக்குத் தும்மல் வந்து மாட்டிக்கொண்டேன்.

"தூசி அத்தை, வெளிய நில்லுங்க."

"எதுக்குடி இந்தப் பெருக்கு? யார் குடிவரப் போறா?"

"செருப்பைக் கழட்டிட்டு வருவாங்க அத்தை. காலையிலேர்ந்து கழட்டிக் கழட்டிக் கை பழகிடுது. யாராவது ஒருத்தர் வாசல்ல விட்டா, மத்தவங்களும் விட்டுடுவாங்க. முன்னெல்லாம் இங்க கழட்ட வேணாங்கன்னு சொல்வேன். இப்ப சொல்றதில்ல."

"இவங்க சொல்ல மாட்டாங்க. கண்ணாடி ஏறினா கால்ல ஊசி வெச்சு எடுக்கறது யாரு, நான்தான்" என்றான் டிரைவர்.

அவள் சொன்னபடியே நடந்தது. தொந்தி பெருத்த ஒரு கடைக்காரர் அசதியில் வாசலிலேயே செருப்பை விட்டார். பின்னால் வந்த மொத்த பஸ்ஸும் விட்டது. வெறுங்காலோடு நின்றவர்களிடம் அவள் என் மகனின் பெயரைச் சொன்னாள். அவன் யாரையெல்லாம் தூக்கி வந்தான் என்று சொன்னாள். தனக்கு அவன் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"பாவம், அவருக்குக் குடும்பம் இருந்துச்சாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருக்கு" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நெஞ்சு நின்றுவிடவில்லை, இதோ பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெரியவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"நீ சொல்றது சரிம்மா. தெருவுல ஒவ்வொருத்தர் வாயையும் நான் போய் மூட முடியுமா? வேலையை விடட்டும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கட்டும்."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இந்த வீட்ல அவர் பேரைச் சொன்னா எல்லாரும் எழுந்து போயிடறீங்க. அங்க நின்னு கேக்கறாங்க. நான் விடமாட்டேன்."

"நீ இருடி. இவன் யாரு உன்னைப் போகச் சொல்ல?" என்றேன்.

"இருந்தா தினம் யாருக்காவது பதில் சொல்லிட்டே இருக்கணும் அத்தை. பஸ் ஷெட் பக்கத்துல ரூம் கிடைக்குது."

விடியுமுன் இருட்டோடு போய்விடச் சொன்னான் பெரியவன். அவள் கேட்கவில்லை. வெயில் நன்றாக ஏறி, வாசலுக்கு வாசல் ஆள் இருக்கிற நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கினாள். எதிர்வீட்டில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டா, பெட்டியும் கையுமா?" என்று தையல்காரி ஜன்னல் வழியாக என்னைக் கேட்டாள்.

நான் வாசலுக்கு இறங்கினேன். "உள்ள வாம்மா" என்றான் பெரியவன். போகவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி என் சின்ன மகனின் பெயரைச் சொன்னேன். "அவன் பொண்டாட்டி வேலைக்குப் போறா" என்றேன்.

அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு தெரு நடுவிலேயே நடந்து போனாள்.